வைத்தியர் மேரி ரட்ணம்: திருமணத்துக்காக மிஷன் கைவிட்ட அம்மையார்



இந்த மலரில் நாம் நினைவுகூரும் அம்மையார் எமது பாடசாலையில் படித்தவரல்லர், இங்கே கற்பித்தவருமல்லர். கனடாவிலே பிறந்து, யாழ்ப்பாணத்துத் தமிழர் ஒருவரை மணந்து, கொழும்பிலே அரை நூற்றாண்டுக்கு மேல் தொண்டாற்றி மறைந்தவர். எனினும் நூற்றாண்டு மலரில் அவருக்கு இடம் கேட்டுச் சங்கத்தாரிடம் விண்ணப்பித்தோம். எமது பாடசாலையைப் போன்ற பாடசாலைகளைத் திறந்த மிஷன் உலகமே அவரை இலங்கைக்கு அனுப்பியது. அந்த உலகமே அவருடைய திருமணத்தைக் கண்டதும் அவரைக் கைவிட்டது. பெண்ணுக்குப் படிப்பைக் கொடுத்த கிறிஸ்தவம், மணவாழ்வில் அவளுக்குச் சமத்துவம் கொடுக்க ஏன் இத்தனை தயங்கிற்று என்ற கேள்விக்கு விடை தேடுவோருக்கு அவருடைய வாழ்க்கை நல்ல துணை.

முதலில், நாம் எங்கிருந்து வந்தோம் என்பதைச் சுருக்கமாக நினைத்துக்கொள்வோம். 1814 ஆம் ஆண்டு மெதடிஸ்த மிஷனரியான வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தார். ஒரு வருடம்கூட முழுமையாக இங்கே வாழாமல் 1815 இல் இறந்துபோனார். அவர் தொடக்கிவைத்த கல்விப் பணியோ புளியந்தீவில் வேர்விட்டது. வடக்கே அமெரிக்க மிஷனரிமார் 1824 இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையை ஆரம்பித்தனர். பெண் எழுத்துக் கற்றால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஊர் நம்பிய காலத்தில் இந்தப் பாடசாலைகள் எழுந்தன. அந்த நன்றியை நாம் மறக்கலாகாது.

ஆனால் அவற்றின் நோக்கத்துக்கு ஓர் எல்லை இருந்தது. படித்த கிறிஸ்தவ ஆண்களுக்கு ஏற்ற கிறிஸ்தவ மனைவியரை உருவாக்குவது அந்நாளைய பெண்கல்வியின் முக்கிய நோக்கங்களுள் ஒன்று. வேதம் வாசிக்கவும், தையல் தைக்கவும், வீட்டைத் துப்புரவாக வைத்திருக்கவும், பிள்ளைகளைப் பக்தியாக வளர்க்கவும் அவள் பழக்கப்பட்டாள். வீட்டின் தலைவன் யார் என்பதில் மிஷனரிக்கும் ஊர்ப் பெரியவருக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. மிஷனரிமாரின் மனைவியர்கூட நெடுங்காலம் உதவி மிஷனரிகள் என்றே அமெரிக்க மிஷன் பதிவுகளில் குறிக்கப்பட்டனர்.

மேரி ஹெலன் ஏர்வின் 1873 ஆம் ஆண்டு யூன் மாதம் 2 ஆம் திகதி கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் எலோரா என்ற ஊரில் பிறந்தார். அவர் பிறந்து பத்து ஆண்டுகளுக்குப் பின்பே, 1883 இல், ரொறன்ரோவில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரி உருவானது. அதே ஆண்டில்தான் ஒகஸ்ரா ஸ்ரோ என்பவர் கனடாவில் படித்து மருத்துவப் பட்டம் பெற்ற முதற் பெண்ணானார். அவருடைய தாயார் எமிலி ஸ்ரோவும் வைத்தியர்; கனடாவில் பெண்கள் வாக்குரிமைக்காகக் குரல்கொடுத்தவர்களுள் முன்னோடி. இத்தகைய பெண்கள் நடமாடிய ரொறன்ரோவில் மருத்துவம் பயின்று 1896 இல் மேரி வெளியேறினார்.

பட்டம் பெற்றதும் மருத்துவ மிஷனரியாகச் செல்ல விண்ணப்பித்தார். யாழ்ப்பாணத்தில் இணுவிலிலே பெண்களுக்கென அமெரிக்க மிஷன் வைத்தியசாலை ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தது. ஆண் வைத்தியரிடம் காட்டுவதைவிட வீட்டிலேயே மாண்டுபோவது மேல் என்றிருந்த பெண்களுக்காக எழுந்த வைத்தியசாலை அது. மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்திருந்தும், பெண் நோயாளியருக்குப் பெண் வைத்தியர் கிடைப்பது அரிதாகவே இருந்தது. அந்தப் பணிக்கு மேரி தெரிவுசெய்யப்பட்டார்.

இலங்கைக்கு வருமுன் மேற்பயிற்சிக்காக நியூயோர்க் சென்ற இடத்தில், அமெரிக்காவில் கற்றுக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர் சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரட்ணம் அவர்களைச் சந்தித்தார். இருவரும் ஒருவரையொருவர் விரும்பி மணந்துகொண்டனர். மணமகன் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர், உயர்கல்வி கற்றவர், மிஷன் தன் சாதனையென்று பெருமையோடு காட்டக்கூடிய மனிதர். மணமகளோ மிஷன் தெரிவுசெய்த வைத்தியர். மிஷன் போதித்த எல்லாம் உண்மையானால் இதைவிடப் பொருத்தமான திருமணம் வேறென்ன இருக்க முடியும்?

மிஷன் அப்படிப் பார்க்கவில்லை. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி சுதேசி ஒருவரை மணப்பதை அதனால் ஏற்க முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் மிஷன் சமூகம் தம்பதியரை ஒதுக்கியது. எந்த வேலைக்காகக் கடல்கடந்து வந்தாரோ அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. இணுவிலில் வைத்தியருக்காகக் காத்திருந்த பெண்கள் தொடர்ந்து காத்திருக்க நேர்ந்தது.

இந்த விலக்கலில் நிறவெறி இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. அதனோடு பிணைந்து இன்னொன்றும் இருந்ததாக நாம் எண்ணுகிறோம். எங்கே போவது, யாருக்கு மருந்து கொடுப்பது என்பதில் மிஷனுக்குக் கீழ்ப்படிந்த பெண், யாரோடு வாழ்வது என்பதில் தன் புத்தியைத் தானே பாவித்துவிட்டாள். சேவைக்குத் துணிச்சலான பெண் தேவைப்பட்டாள். அதே துணிச்சலைத் திருமணத்தில் காட்டியபோது அது அடங்காமையாகத் தெரிந்தது.

தம்பதியர் கொழும்புக்குப் போயினர். கணவர் கல்விப் பணியில் ஈடுபட்டார். மேரி அம்மையார் லேடி ஹவ்லொக் பெண்கள் வைத்தியசாலையில் சிறிது காலம் பணியாற்றி, பின்னர் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாகத் தனியே வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார். மனைவியும் தாயுமான ஒரு பெண் தன் தொழிலை விட்டுவிடாமல் வெளியே போய்வருவது அக்காலக் கொழும்பிலும் சாதாரணமான காரியமன்று.

வைத்தியம் பார்க்கப் பார்க்க ஒன்று அவருக்குத் தெளிவாயிற்று. இரத்தசோகை, அடிக்கடி வரும் பிரசவம், பாலுக்கு ஏங்கும் குழந்தை ஆகியவற்றுக்கு மருந்துப் போத்தல் மாத்திரம் போதாது. 1904 இல் இலங்கை மகளிர் ஒன்றியத்தை உருவாக்கினார்; 1909 இல் தமிழ் மகளிர் ஒன்றியத்தைத் தொடக்கினார். இசையும் நடனமும் பயிற்றும் கலாலயத்தைக் கொழும்பில் நடத்திவருவது இவ்வொன்றியமே. அங்கே வீணை படித்த நமது சகோதரியர் பலருக்கும் அதைத் தொடக்கியவர் கனடாவிலே பிறந்தவர் என்பது புதுச் செய்தியாக இருக்கலாம்.

கனடாவில் அடலெயிட் ஹூட்லெஸ் என்ற தாய், அசுத்தமான பாலால் தன் குழந்தையைப் பறிகொடுத்தார். வீட்டுச் சுகாதாரம் பெண்களுக்குக் கற்பிக்கப்பட வேண்டிய அறிவு என்று கண்டு, 1897 இல் ஒன்ராறியோவில் கிராமப் பெண்களுக்கான மகளிர் சங்கம் ஒன்று தோன்றக் காரணமானார். அந்த மாதிரியைப் பின்பற்றி மேரி அம்மையார் 1930 இல் லங்கா மகிளா சமித்தியைத் தொடக்கினார். கிராமத்துப் பெண்கள் ஒன்றுகூடிப் பேச, கணக்கெழுத, தலைமை தாங்கப் பழகிய இடமாக அது வளர்ந்தது.

இனி வாக்குரிமைக்கு வருவோம். 1927 டிசம்பரில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் கொழும்பில் அமைக்கப்பட்டது. அதன் முன்னணியில் நின்றவர்களுள் மேரி அம்மையாரும் ஒருவர். மறு ஆண்டு சங்கத்தின் தூதுக்குழு டொனமூர் ஆணைக்குழுவின் முன் தோன்றியது. தோட்டத் தொழிலாளப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று ஆணைக்குழுவினர் வினவியபோது, அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்று சங்கச் செயலாளர் அக்னஸ் டி சில்வா விடையளித்தார். பெண்களுக்கு 30 வயதில் வாக்கு என்று ஆணைக்குழு பரிந்துரைத்தது. இறுதியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் 21 வயதென்றே முடிவாயிற்று. 1931 இல் இலங்கைப் பெண்கள் வாக்களித்தனர். 1932 இல் நேசம் சரவணமுத்து அம்மையார் கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார்.

இதற்கு எழுந்த எதிர்ப்பைக் கிறிஸ்தவர்மேல் மட்டும் சுமத்துவது நியாயமாகாது. சைவப் பெண்பிள்ளைகளுக்காக 1913 இல் கல்லூரி நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதனும் எல்லோருக்குமான வாக்குரிமையை எதிர்த்தவரே. பெண்களைப் படிக்கவைத்த பெரியவர்கள் அடுத்த படியில் கலங்கிநிற்பது எல்லாச் சமயங்களிலும் நடந்தது.

எனினும் கிறிஸ்தவர்களின் எதிர்ப்புக்குத் தனி வலிமை இருந்தது. அது மணவறையிலிருந்தே பேசியது. இங்கிலாந்துத் திருச்சபையின் 1662 ஆம் ஆண்டுச் செப நூலின்படி, மணமகள் கணவனுக்குக் கீழ்ப்படிவதாக வாக்குக் கொடுப்பாள். மணமகனிடம் அந்த வாக்குக் கேட்கப்படாது. 1928 இல் முன்வைக்கப்பட்ட திருத்திய நூலில்தான் அந்தச் சொல் இல்லாமல் இருவருக்கும் ஒரே வாக்குறுதி கொடுக்கப்பட்டது. கொழும்பில் பெண்கள் வாக்குக் கேட்ட அதே ஆண்டு அது.

கத்தோலிக்கத் திருச்சபையில், பாப்பரசர் 11 ஆம் பத்திநாதர் 1930 டிசம்பர் 31 இல் திருமணம்பற்றிச் சுற்றுமடல் ஒன்றை வெளியிட்டார். கணவன் குடும்பத்தின் தலை, மனைவி அதன் இதயம் என்பது அதன் போதனை. மனைவியின் கண்ணியத்தை அது மறுக்கவில்லை. அவளை வேலைக்காரியாக நடத்தவும் சொல்லவில்லை. ஆனால் குடும்பத்திலும் சமூகத்திலும் கணவனிடமிருந்து விடுதலை என்ற கருத்தைப் பொய்யான சுதந்திரமென்று கண்டித்தது. செயற்கைக் கருத்தடையைப் பாவமென்று அறிவித்தது. 1908 இலும் 1920 இலும் கருத்தடையைக் கண்டித்த அங்கிலிக்கன் ஆயர்கள், அதே 1930 இல் லம்பேத் மாநாட்டில் சில நிபந்தனைகளுடன் அதற்கு இடங்கொடுத்திருந்தனர்.

இந்தக் காலத்தில்தான் மேரி அம்மையார் இலங்கையில் குடும்பத் திட்டமிடல்பற்றிப் பகிரங்கமாகப் பேசினார். அதற்கான ஆலோசனை நிலையமொன்றைக் கொழும்பில் ஏற்படுத்த 1930களில் முன்னின்றார். கத்தோலிக்கத் தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்தது. அவர் கண்டதோ, ஒன்பதாவது பத்தாவது பிரசவத்தில் இரத்தம் இழந்து கிடக்கும் தாய்மாரை. 1937 இல் பம்பலப்பிட்டி வட்டாரத்திலிருந்து கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவாகி, அச்சபையின் முதற் பெண் உறுப்பினரானார். பின்னர் சட்ட நுணுக்கமொன்றைக் காட்டி அந்த ஆசனம் பறிக்கப்பட்டது. அவர் அயரவில்லை. 1944 இல் உருவான அகில இலங்கை மகளிர் மாநாட்டிலும் பங்குகொண்டார். 1953 இல் குடும்பத் திட்டமிடல் சங்கம் நிறுவப்பட்டது. 1965 இல் அரசாங்கமே அதைத் தன் கொள்கையாக ஏற்றது. 1958 இல், தமது 85 ஆவது வயதில், பொதுச்சேவைக்கான ரமொன் மக்சேசே விருதைப் பெற்றார். 1962 இல் காலமானார்.

அவரை எதிர்த்தவர்களின் வாதத்தையும் நாம் நேர்மையாகக் கேட்க வேண்டும். திருமணம் இறைவன் ஏற்படுத்திய ஒழுங்கு. இருவர் முரண்படும்போது இறுதி முடிவு ஒருவரிடம் இல்லாவிட்டால் வீடு குலையும். தலைவன் என்பவன் ஆளப் பிறந்தவனல்லன், தன்னையே கொடுக்கப் பிறந்தவன் என்பது அவர்களுடைய நிலைப்பாடு. இந்த நம்பிக்கையோடு அன்பாக வாழ்ந்த தம்பதியரை எமது குடும்பங்களிலேயே கண்டிருக்கிறோம். அமெரிக்காவில் தென் பப்ரிஸ்ற் சபையினர் 1998 இல் மனைவியின் கீழ்ப்படிதலைத் தமது விசுவாச அறிக்கையிலேயே சேர்த்தனர். அத்தகைய போதனை இன்று கைத்தொலைபேசி வழியாக எமது வாவிக்கரை வீடுகளுக்கும் வந்துசேருகிறது.

அவர்கள் ஆதாரம் காட்டுவது எபேசியர் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம். பிரசங்கங்களில் அது பெரும்பாலும் 22 ஆம் வசனத்திலிருந்தே வாசிக்கப்படுகிறது. ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்லும் 21 ஆம் வசனம் அதற்கு முன்பே நிற்கிறது. 1988 இல் பாப்பரசர் 2 ஆம் அருளப்பர் சின்னப்பர் இந்தப் பகுதியை விளக்கியபோது, கீழ்ப்படிதல் இருவருக்கும் பொதுவானது என்றே எழுதினார். ஆகவே சமத்துவம் கிறிஸ்தவத்துக்கு வெளியிலிருந்து வந்த அந்நியச் சரக்கு என்று யாரும் சொன்னால், நாம் தயங்காமல் 21 ஆம் வசனத்தைத் திறந்து காட்டலாம்.

மட்டக்களப்பார் இந்த விடயத்தில் இன்னும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். எமது ஊரில் பெண்பிள்ளைக்கு வீடு வளவு எழுதிக்கொடுப்பார்கள்; மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். முக்குவச் சட்டம் எனப்பட்ட பழைய வழக்கில் உடைமை தாய்வழியே இறங்கிற்று. பொதுச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்த பின்னும் வீடு பெண்ணிடமே நின்றது. யாழ்ப்பாணத்துத் தேசவழமைப்படி மணமான பெண் தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். எமக்கோ 1923 ஆம் ஆண்டின் மணமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம் அந்தத் தடையை நீக்கியது. ஆணே வீட்டுத் தலைவன் என்பது காலங்காலமாக எல்லோரும் ஏற்ற ஒழுங்கு என்று சொல்பவர்கள், எமது அம்மம்மாவின் உறுதிப் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும்.

இருந்தும் வைத்திய அறையில் நாம் காண்பது வேறு. உறுதி தன் பெயரில் உள்ள பெண், கருத்தடைபற்றிக் கேட்டால் அவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்துபோகிறாள். இரத்தம் குறைந்திருக்கிறது, அடுத்த பிள்ளைக்கு இடைவெளி வேண்டும் என்று மருத்துவமாது வீடு தேடிப்போய்ச் சொன்னாலும் முடிவு அவள் கையில் இல்லை. காயத்தோடு வருபவள் படியில் விழுந்ததாகச் சொல்கிறாள். பொறுத்துப் போ, செபம் செய், அவர் தலைவர் அல்லவா என்று சொந்தத் தாயும் சபையாரும் அனுப்பிவைத்த பெண்களை நாம் கண்டிருக்கிறோம். 2005 ஆம் ஆண்டு முதல் வீட்டு வன்முறையைத் தடுக்கும் சட்டம் நாட்டில் இருக்கிறது. ஆனால் 1995 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படியும், நீதிமன்றத்தால் பிரித்துவைக்கப்பட்டிருந்தாலன்றி, கணவன் மனைவியைப் பலாத்காரப்படுத்துவது வன்புணர்வுக் குற்றமாகக் கருதப்படுவதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. போரிலும் 2004 ஆம் ஆண்டுக் கடற்கோளிலும் கணவனை இழந்த எத்தனையோ பெண்கள் எமது மாவட்டத்தில் குடும்பத்தைத் தாங்கி நிற்கிறார்கள். வயல் செய்விப்பதும், கடன் கட்டுவதும், பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை அனுப்புவதும் அவர்களே. எமது வகுப்புத் தோழியர் சிலரின் தாய்மார் அப்படித்தான் அவர்களைப் படிக்கவைத்தனர். கணவன் இல்லாதபோது முடிவெடுக்கத் தெரிந்த பெண்ணுக்கு, கணவன் இருக்கும்போது அந்தப் புத்தி இல்லாமற் போய்விடுமா?

மேரி அம்மையாரின் வாழ்க்கை எமக்குக் காட்டுவது இதுதான். கல்வியை ஏற்று, மணவாழ்வில் சமத்துவத்தை மறுக்கும் நிலை நிலைத்திருக்க முடியாது. நாடித்துடிப்பைக் கணித்து மருந்தெழுதத் தகுதியானவள், தன் உடம்பைப் பற்றியும் தன் இல்லறத்தைப் பற்றியும் முடிவெடுக்கத் தகுதியற்றவளாக இருக்க முடியாது. அதை மறுத்த மிஷன் ஒரு நல்ல வைத்தியரை இழந்தது. கொழும்புக்கும் முழு நாட்டுக்கும் அவர் கிடைத்தார். தம்மை விலக்கியவர்களோடு வாழ்நாளெல்லாம் வழக்காடிக்கொண்டிராமல், பெண்களுக்கான ஒவ்வொரு அமைப்பாகக் கட்டி எழுப்பியதே அவர் கொடுத்த பதில்.

எமது சங்கம் இரண்டாவது நூற்றாண்டில் காலடி வைக்கிறது. அதனிடம் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறோம். திருமணத்துக்கு ஆயத்தமாகும் இளையோருக்கு எமது ஆலயங்கள் வகுப்புகள் நடத்துகின்றன. அங்கே போதகரோடும் குருவானவரோடும் பழைய மாணவியரான வைத்தியரும் சட்டத்தரணியரும் அமரவேண்டும். எபேசியர் நிருபத்தை 21 ஆம் வசனத்திலிருந்து வாசிக்கவேண்டும். ஆதனச் சட்டமும், வீட்டு வன்முறைச் சட்டமும், குடும்பத் திட்டமிடலும் மணமக்கள் இருவருக்கும் சேர்த்தே சொல்லப்பட வேண்டும். மற்றது, வெளிநாடுகளிலும் கொழும்பிலும் வாழும் சகோதரியர் தம் ஆண்பிள்ளைகளுக்கும் இந்தக் கதையைச் சொல்லவேண்டும். நாம் பெண்பிள்ளைகளிடம் மட்டும் பேசிப்பேசியே நூறு ஆண்டுகளைக் கழித்துவிட்டோம்.

புளியந்தீவிலிருந்து புறப்பட்டு உலகெங்கும் வாழும் எம் சகோதரியர் அனைவருக்கும் நூற்றாண்டு வாழ்த்துகள்.